காணாமல் போனதெல்லாம் செத்ததாகிவிடாது

பறவைக்கு வளையம் போட்டு, அந்த ஏட்டிலிருந்து ஆயுளையும் எண்ணிக்கையையும் கணிக்கலாம் என்ற ஆசையோடு வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் விலங்கியல் படித்தவர்கள். கணக்குக்குப் பள்ளியோடு கும்பிடு போட்டவர்கள். இன்னொரு வகையினர் புள்ளியியல் படித்தவர்கள். உள்ளானையும் ஆள்காட்டியையும் பக்கத்தில் நிறுத்தினாலும் எது எதுவென்று தெரியாதவர்கள். இரு தரப்பாருக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்தவற்றை எழுதியே வைத்துவிடுகிறேன். எண்கள் போட்டிருப்பது தேடி எடுக்க வசதிக்காக. முதலில் இருப்பது பெரிது, கடைசியில் இருப்பது சிறிது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. கண்ணில் படாத பறவையைச் செத்த கணக்கில் எழுதாதீர்கள்.

இந்த ஆண்டு 100 பறவைகளுக்கு வளையம் போட்டோம், அடுத்த ஆண்டு 45 கிடைத்தன, ஆகவே பிழைத்தவை 45 சதவீதம் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த 45-க்குள் இரண்டு சங்கதிகள் பின்னிக் கிடக்கின்றன. பறவை உயிரோடு இருந்ததா என்பது ஒன்று. உயிரோடு இருந்தது உங்கள் கண்ணிலோ வலையிலோ பட்டதா என்பது இன்னொன்று. உயிரோடு இருப்பவற்றில் பத்துக்கு ஒன்பதைக் கண்டுபிடித்துவிடும் ஆள் நீங்கள் என்றால், பிழைத்தவை 50. பத்துக்கு ஆறுதான் உங்கள் திறமை என்றால், பிழைத்தவை 75. ஏடு ஒன்றே, விடை இரண்டு. கடற்கரை உள்ளான் ஒன்றுக்கு முதல் விடை அபாய அறிவிப்பு. இரண்டாவது விடையைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

இந்த இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் இந்தத் துறையின் வேலை. கீழே வரும் பெரும்பாலான அறிவுரைகள் இதற்குள்ளிருந்தே வருகின்றன.

2. ‘எத்தனை?’ என்பதும் ‘எவ்வளவு காலம்?’ என்பதும் வேறு வேறு கேள்விகள். எது வேண்டும் என்று களத்துக்குப் போகுமுன் தீர்மானியுங்கள்.

எத்தனை பறவைகள் இருக்கின்றன என்று அறிய, சில நாட்களுக்குள் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டும். அந்த நாட்களில் யாரும் சாகவில்லை, பிறக்கவில்லை, வரவில்லை, போகவில்லை என்று கொள்ளலாம். பிழைப்பு வீதம் வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் போக வேண்டும். நடுவில் சாவும் வரவும் இருந்தே தீரும். இரண்டும் வேண்டுமென்றால், ஆண்டுக்கு ஒருமுறை போய், போனபோது சில நாள் தங்கித் தொடர்ந்து பிடியுங்கள். 1982-இல் கென்னத் பொல்லாக் காட்டிய வழி அது. எதையும் தீர்மானிக்காமல் நேரம் கிடைத்தபோதெல்லாம் வலை கட்டிவிட்டு, கடைசியில் கணினியிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்களுக்கு எந்தக் கணித மாதிரியும் கைகொடுக்காது.

3. எளிய கணக்கை முதலில் கையால் போடுங்கள்.

ஓர் உப்பளத்தில் 60 கொசு உள்ளான்களுக்கு வளையமிட்டு விடுகிறீர்கள். சில நாள் கழித்து அதே இடத்தில் 50 பறவைகள் சிக்குகின்றன. அவற்றில் 12-க்கு வளையம் இருக்கிறது. பிடிபட்டவற்றில் வளையம் உள்ளவற்றின் விகிதமும், மொத்தக் கூட்டத்தில் வளையம் உள்ளவற்றின் விகிதமும் ஒன்றுதான் என்று கொண்டால், மொத்தம் 60 பெருக்கல் 50 வகுத்தல் 12, அதாவது 250.

இந்தத் தந்திரம் பறவைக்காரர்களுடையது மட்டுமில்லை. பிறப்புப் பதிவேட்டை வைத்து பிரான்ஸின் மக்கள்தொகையை 1802-இல் லாப்லாஸ் இதே விகிதக் கணக்கால் மதிப்பிட்டார். டென்மார்க்கின் பீட்டர்சன் 1896-இல் மீனுக்குக் கொண்டுபோனார். அமெரிக்காவின் ஃபிரெடரிக் லிங்கன் 1930-இல் வட அமெரிக்க வாத்துகளுக்குக் கொண்டுவந்தார். வேட்டைக்காரர்கள் சுட்ட வாத்துகளின் வளையங்கள்தான் அவருடைய இரண்டாவது ‘பிடிப்பு’.

250 என்று வந்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். சிறிய எண்களில் இந்தச் சூத்திரம் கொஞ்சம் கூட்டிச் சொல்லும்; சாப்மன் 1951-இல் செய்த திருத்தத்தைப் போட்டால் 238 வருகிறது. அதன் திட்டப் பிழை ஏறத்தாழ 49. இரு பக்கமும் அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இடம் விட்டால், உப்பளத்தில் 142 முதல் 334 வரை எது வேண்டுமானாலும் இருக்கலாம். அவ்வளவு வெயிலில் நின்றதற்கு இவ்வளவுதானா என்று முகம் சுளிப்பார்கள். ஆமாம், இவ்வளவுதான். திரும்பச் சிக்கிய 12 பறவைகளுக்கு அதற்கு மேல் சொல்ல வாயில்லை. எல்லையைச் சொல்லாமல் நடு எண்ணை மட்டும் சொல்லுகிற அறிக்கையை நான் படிப்பதில்லை.

4. ஒவ்வொரு பறவைக்கும் ஒரு வரலாறு எழுதுங்கள்.

பார்த்த ஆண்டுக்கு 1, பார்க்காத ஆண்டுக்கு 0. ஏழு ஆண்டு வேலை என்றால் 1011000 என்பதுபோல ஏழு இலக்கம். அந்த வரிசையில் முதல் 1-க்கும் கடைசி 1-க்கும் நடுவே வருகிற 0-தான் தங்கம். அந்த ஆண்டு பறவை உயிரோடுதான் இருந்தது, நீங்கள்தான் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் கண் எவ்வளவு தவறவிடுகிறது என்பதை அளந்து சொல்வது அந்த 0. கடைசி 1-க்குப் பிறகு வருகிற 0-கள் சந்தேகத்துக்குரியவை, செத்திருக்கலாம், தவறவிட்டிருக்கலாம். முதல் வகை 0-விடம் கற்றதை வைத்து இரண்டாம் வகை 0-வைப் பங்கு பிரிப்பதுதான் முறை.

எண் வைத்துப் பாருங்கள். ஓராண்டு பிழைக்கும் வாய்ப்பு 0.6, இருந்தால் பார்க்கும் வாய்ப்பு 0.9 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டு வேலையில் 111 என்ற வரலாறு வருவதற்கான நிகழ்தகவு 0.6 × 0.9 × 0.6 × 0.9, அதாவது 0.2916. 101-க்கு 0.6 × 0.1 × 0.6 × 0.9, அதாவது 0.0324. 110-க்கு 0.2484. 100-க்கு 0.4276. நான்கையும் கூட்டினால் சரியாக 1. கடைசி இரண்டும் எப்படி வந்தன என்று நீங்களே தாளில் போட்டுப் பார்க்காமல் எந்த மென்பொருளையும் திறக்காதீர்கள். அது எண்களைத் திருப்பித் திருப்பி மாற்றி, உங்கள் ஏட்டுக்கு மிகவும் பொருந்துகிற 0.6-ஐயும் 0.9-ஐயும் தேடுகிறது, அதற்கு மேல் அதில் மாயம் ஏதுமில்லை.

இந்த வழியைத் திறந்தவர் கார்மக். 1964-இல், ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் எய்ன்ஹாலோ என்ற சிறு தீவின் ஃபுல்மர் கடற்பறவைகளுக்காக. அடுத்த ஆண்டே ஜாலியும் சீபரும் தனித்தனியே கண்டுபிடித்து, ‘பயோமெட்ரிகா’வின் ஒரே தொகுதியில் அடுத்தடுத்த கட்டுரைகளாக வெளியிட்டார்கள். அதனால்தான் மூன்று பேர் பெயரும் சேர்ந்து வழங்குகின்றன. அந்த ஃபுல்மர்களை ஆராய்ந்த ஜார்ஜ் டனெட், 1951-இல் ஒரு பறவையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் படமும் 1986-இல் அதே பறவையோடு இருக்கும் படமும் கிடைக்கின்றன. மனிதர் கிழவராகிவிட்டார். பறவையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

5. டிப்பர் தரவில் பழகுங்கள்.

டிப்பர் என்பது ஓடும் ஓடைக்குள் இறங்கி, நீருக்கடியில் நடந்து பூச்சி பிடிக்கிற சிறு பறவை. கிழக்கு பிரான்ஸில் ழில்பேர் மர்சொலான் 1981 முதல் 1987 வரை திரட்டிய 294 பறவைகளின் வரலாறு இந்தத் துறைக்கு அரிச்சுவடி. லெபிரெட்டனும் மற்ற மூவரும் 1992-இல் எழுதிய பெரிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பயிற்சி வகுப்புகளில் அதுதான் நடக்கிறது. மார்க் மென்பொருளிலும் ‘ஆர்’ மொழியின் தொகுப்புகளிலும் கூடவே வரும்.

அதில் ரசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஆண்டு பிழைப்பு மாறுகிறது என்று மாதிரியை அவிழ்த்துவிட்டால் ஆறு எண்கள் வரும். அவற்றை வைத்துப் பெரிதாக ஒன்றும் பேச முடியாது. மாறவே இல்லை என்று கட்டிப்போட்டால் 0.56 என்று ஒரே எண் வரும். இரண்டுக்கும் நடுவே, 1983-இல் அங்கே வெள்ளம் வந்தது என்று தெரிந்த ஒருவர், வெள்ளம் பாதித்த இரண்டு இடைவெளிகளை மட்டும் தனியே பிரித்தார். வெள்ளக் காலத்தில் 0.47, மற்றக் காலத்தில் 0.61. இரண்டே எண்கள், முழுக் கதையும் வந்துவிட்டது. பார்க்கும் வாய்ப்பு எல்லா ஆண்டும் 0.9. அந்தப் பிரிப்பைக் கணினி செய்யவில்லை. ஓடையில் என்ன நடந்தது என்று அறிந்த ஆள் செய்தார். புள்ளியியல் மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த ஐந்தாம் எண்ணை இரண்டு தடவை படியுங்கள்.

6. வளையத்தின் எண்ணை வாய்விட்டுப் படியுங்கள்.

பறவையைப் பிடித்திருப்பவர் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் எழுதியதைத் திரும்பப் படிக்க வேண்டும். பிடித்திருப்பவர் வளையத்தை மறுபடி பார்த்துச் ‘சரி’ என்ற பிறகே பறவை கையை விட்டுப் போகலாம். 1-உம் 7-உம், 3-உம் 8-உம், 6-உம் 9-உம் களத்து ஏட்டில் கலந்துவிடும் ஜோடிகள். வண்ண வளையம் என்றால் இடது, வலது என்பது பறவையின் இடது, வலது, உங்களுடையது இல்லை. மேலிருந்து கீழாக எழுதுங்கள். உப்பளத்தில் வெயில் ஏறிக் கானல் எழும்பத் தொடங்கியதும் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றாகிவிடும். பழைய மஞ்சள் வெளுத்து வெள்ளையாகத் தெரியும். சந்தேகம் என்றால் ‘சந்தேகம்’ என்று எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், தவறாகப் படித்த ஒரே இலக்கம் செத்த பறவையை உயிர்ப்பித்துவிடும். நான்காண்டுக்கு முன்னால் செத்த ஒன்று ஏட்டில் திடீரென்று எழுந்துவந்தால், நடுவில் உள்ள 0-களெல்லாம் ‘உயிரோடு இருந்தது, நாம் பார்க்கவில்லை’ என்று மாறிவிடும். பிழைப்பு வீதமும் கெட்டது, பார்க்கும் வாய்ப்பும் கெட்டது.

7. வளையம் தேயும்.

மிட்வே தீவில் 1956-இல் சாண்ட்லர் ராபின்ஸ் ஒரு லேசான் அல்பட்ராஸுக்கு வளையம் போட்டார். 2002-இல் அவர் கைக்கே அது மறுபடி வந்தது. இன்று உலகமே அறிந்த ‘விஸ்டம்’ அதுதான். 2024-இல் முட்டையிட்டபோது அதற்குக் குறைந்தது 74 வயது. தேய்ந்த வளையத்தைக் காலாகாலத்தில் மாற்றிப் பழைய எண்ணைப் புதிய எண்ணோடு ஏட்டில் இணைத்துக்கொண்டே வந்ததால்தான் இந்தக் கதை நமக்குக் கிடைத்தது. உப்புநீரும் மணலும் அலுமினியத்தை அரித்துவிடும். வளையம் விழுந்த பறவை உங்கள் ஏட்டில் செத்த பறவை. ஆகவே கடற்பறவைக்கும் உப்பளப் பறவைக்கும் கடினமான உலோகக் கலவை வளையம் போடுங்கள். முடிந்தால் சிலவற்றுக்கு இரண்டு காலிலும் போட்டு, ஒன்று மட்டும் விழுந்தவை எத்தனை என்று எண்ணுங்கள்.

8. ஊர் மாறியதும் சாவாகவே பதிவாகும்.

உங்கள் ஆய்வுப் பரப்பை விட்டுப் போய், திரும்பாத பறவைக்கும் செத்த பறவைக்கும் இந்த மாதிரி வித்தியாசம் காணாது. கிடைப்பது பிழைத்து, அங்கேயே தங்கியவற்றின் வீதம். வளர்ந்த பறவைகள் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வருவதால் அங்கே சேதம் குறைவு. குஞ்சுகள் பறந்து பரவுகிறவை. அவற்றின் பிழைப்பு 0.1 என்று வந்தால், அத்தனையும் செத்தன என்று ஒப்பாரி வைக்க வேண்டாம். பரப்பைப் பெரிதாக்குங்கள், அல்லது அக்கம்பக்கத்தில் வேலை செய்கிறவர்களோடு ஏட்டைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

9. வழிப்போக்கர்களைத் தனியே கவனியுங்கள்.

கோடியக்கரை போன்ற இடத்தில் வலை கட்டினால் சிக்குவதில் ஒரு பகுதி அங்கே குளிர்காலம் முழுக்கத் தங்குகிறவை. இன்னொரு பகுதி இறங்கி, வயிற்றை நிரப்பிக்கொண்டு மேலும் தெற்கே போகிறவை. போகிறவை ஒருமுறைதான் கையில் கிடைக்கும். 1-க்குப் பிறகு 0-கள் மட்டும். இரண்டையும் ஒரே கூட்டமாகக் கலந்தால் தங்குகிறவற்றின் பிழைப்பு அநியாயமாகக் குறைந்து தெரியும். வளையமிட்டதை அடுத்த முதல் இடைவெளிக்குத் தனியொரு எண் கொடுத்துவிடுங்கள். பிரடெல் 1997-இல் காட்டிய வழி. அதோடு, ஒருமுறை வலையில் பட்டுப் பயந்த பறவை அடுத்த முறை வலையைச் சுற்றிப் போகும் என்பதையும் மறக்காதீர்கள். பொருத்தச் சோதனைகள் எல்லாம் இந்த மாதிரிக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கத்தான்; அவற்றைத் தாண்டிவிட்டு மாதிரிகளை ஒப்பிட உட்காராதீர்கள்.

10. மாதிரியைப் பெருக்காதீர்கள்.

பிழைப்பும் பார்க்கும் வாய்ப்பும் இரண்டுமே ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்று விட்டால், கடைசி இடைவெளியின் பிழைப்பையும் கடைசி ஆண்டின் பார்க்கும் வாய்ப்பையும் பிரிக்கவே முடியாது; இரண்டின் பெருக்கல்தொகை மட்டும் தெரியும். மென்பொருள் ஏதோ இரண்டு எண்களை அச்சிட்டுத் தரும். நம்பாதீர்கள். கடைசி ஆண்டின் எண் சரிந்திருக்கிறது என்று பதறிப் பத்திரிகைக்குப் போகிறவர்களுக்கு இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

ஏஐசி என்ற அளவு, நீங்கள் கொடுத்த மாதிரிகளுக்குள் எது தேவலை என்றுதான் சொல்லும். கொடுத்த அத்தனையும் மோசம் என்றால், மோசத்தில் நல்லதைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

11. எல்லாப் பறவைக்கும் வளையம் போட முடியாது. எண்ணத்தான் வேண்டியிருக்கும்.

போன ஆண்டு 80 பார்த்தேன், இந்த ஆண்டு 60 பார்த்தேன், கால்பங்கு அழிந்தது என்பீர்கள். இரண்டு ஆண்டும் 100 இருந்து, இந்த ஆண்டு புதர் வளர்ந்து மறைத்திருக்கலாம். கோட்டில் நடந்து எண்ணும்போது ஒவ்வொரு பறவையும் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்று குறித்தால், தூரம் கூடக் கூடக் கண்ணில் படுவது எப்படிக் குறைகிறது என்று தெரியும், தவறியதைக் கணக்கிட்டுவிடலாம். நிபந்தனைகள் மூன்று. கோட்டின் மேலேயே இருப்பது எதுவும் தவறக் கூடாது. உங்களைப் பார்த்து நகருமுன் இருந்த இடத்தைக் குறிக்க வேண்டும். தூரத்தை அளக்க வேண்டும். ஊகித்தால் எல்லாத் தூரமும் 5, 10, 20 என்று வந்து நிற்கும்.

இத்தனை சொன்ன பிறகு எனக்கே மாறாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவின் பாறு கழுகுகள் அழிந்ததை உலகுக்குக் காட்டியது இந்த நுட்பம் எதுவுமில்லை. 1990-களின் தொடக்கத்தில் வண்டியில் போய் எண்ணிய அதே சாலைகளில் பிறகும் பலமுறை போய் எண்ணினார்கள், அவ்வளவுதான். 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்திருந்தது. பார்க்கும் வாய்ப்பு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அப்படியொரு வீழ்ச்சியை அது மறைத்துவிட முடியாது. காரணம் மாட்டுக்குப் போட்டுவந்த டைக்ளோஃபினாக் மருந்து என்று 2004-இல் தெரிந்தது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. ஆனால் இன்று மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகள் ஐந்து சதவீதம் கூடினவா குறைந்தனவா என்று கேட்டால், சாலை எண்ணிக்கை விழி பிதுங்கும். எவ்வளவு சிறிய மாற்றத்தை அறிய வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு கணக்கு என்பது.

12. நீண்ட ஆயுள் பறவையில் தசமத்துக்குப் பின்னால் வரும் இலக்கத்தையும் கவனியுங்கள்.

ஆண்டுப் பிழைப்பு 0.95 என்றால் சராசரியாக இன்னும் 19 ஆண்டுக்கு மேல் வாழும், 0.90 என்றால் ஒன்பதரை. ஐந்து புள்ளி போனால் ஆயுள் பாதி போய்விடும். 0.5 உள்ள சிறு குருவிக்கு ஐந்து புள்ளி பெரிய விஷயமில்லை, அடுத்த ஈட்டில் ஈடுகட்டிவிடும். தென் அமெரிக்காவின் கடைக்கோடியில் குளிர்காலம் கழித்து ஆர்க்டிக்குக்குப் போகும் நாட் உள்ளான்கள், வழியில் டெலவேர் விரிகுடாவில் இறங்கிக் குதிரைலாட நண்டின் முட்டைகளைத் தின்று கொழுக்கும். நண்டை மனிதர் அளவுமீறிப் பிடித்த பிறகு, சில ஆண்டுகளுக்குள் அவற்றின் பிழைப்பு 85 சதவீதத்திலிருந்து 56-க்கு இறங்கியதை வளையக் கணக்குதான் காட்டியது. 2004-இல் வெளியான ஆய்வு. நீண்டதூரப் பறவைகளைப் படிக்க நினைக்கிறவர்கள் தேடிப் படியுங்கள்.

13. உங்கள் கருவியே பறவையைக் கொல்கிறதா என்று பாருங்கள்.

க்ரோசே தீவுகளின் அரச பென்குவின்களுக்குத் துடுப்பில் உலோகப் பட்டை போட்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பட்டை போடாமல் தோலுக்கடியில் மின்னணுச் சில் மட்டும் வைத்த கூட்டத்தோடு பத்தாண்டு ஒப்பிட்டபோது, பட்டை போட்டவற்றின் பிழைப்பு 16 சதவீதமும் குஞ்சு வளர்ப்பு 39 சதவீதமும் குறைவு என்று 2011-இல் தெரியவந்தது. நீந்தும்போது பட்டையால் நீரின் இழுவை கூடும். கால் வளையம் அந்த அளவு தொல்லை இல்லை. என்றாலும் அளவு தவறாமல் போடுங்கள், இடுக்கியால் மூடும்போது விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கழற்றிவிடுங்கள், வெயில் ஏறினால் வலையைச் சுருட்டுங்கள். வளையத் தரவிலிருந்து இறப்பு வீதம் கணிப்பதைப் பற்றி 1955-இல் எழுதிய ஜே. பி. எஸ். ஹால்டேன், 1957-இல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார்; 1959-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில், பறவைகளை வன்முறையில்லாமல் ஆராய்வதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கொல்லாமல், பிடிக்காமல், வெறும் கண்ணும் பென்சிலும் வைத்துச் செய்யக்கூடிய ஆய்வுகள் இந்த நாட்டுக்குப் பொருத்தம் என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் பாதிக்கு மேல் சம்மதம்.

14. வளையத்தோடு கடிதம் வந்தால் பதில் போடுங்கள்.

செத்த பறவையின் வளையத்தை மீனவரோ விவசாயியோ கண்டெடுத்துத் தெரிவித்தால், அதுவும் தரவு. அதற்கென்று தனி மாதிரிகள் உண்டு. சீபர் 1970-இலேயே எழுதிவிட்டார். ஊர் மாறிய பறவையும் அதில் பிடிபடுவதால், எட்டாம் எண்ணில் சொன்ன சிக்கல் அங்கே குறைவு. அதன் பலவீனம் வேறு இடத்தில்: கண்டெடுத்தவர்களில் எத்தனை பேர் தெரிவிக்கிறார்கள்? நம் வளையங்களில் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அந்தச் சிறிய எழுத்தைக் கூட்டிப் படித்து, யாரிடமோ கேட்டு, தொலைபேசி எண் தேடி ஒருவர் கூப்பிடுகிறார் என்றால், அந்தப் பறவை எந்த ஊரில் எந்த ஆண்டு வளையமிடப்பட்டது என்று அவருக்குத் தமிழில் எழுதி அனுப்புங்கள். கறிக்காகப் பிடித்தாரா என்று விசாரிக்காதீர்கள். விசாரித்தால் அந்தக் கரையிலிருந்து அடுத்த வளையம் வராது, உங்கள் மாதிரியோ அங்கே பறவைகள் சாவதே நின்றுவிட்டது என்று சொல்லும்.